முக்கால் டன் வண்டியும் ஏழரை டன் உரிமமும்

முடிச்சூர் சாலையில் ஒரு காலை, சிக்னலில் என் பக்கத்தில் நின்ற குட்டி யானையின் தண்ணீர் கேன்களை எண்ணினேன். இரண்டு அடுக்கில் எழுபது. கேன் ஒன்றுக்கு 20 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 1,400 கிலோ. அந்த ரக டாடா ஏஸ் சுமக்க வேண்டியது முக்கால் டன்தான். ஓட்டிய பையனிடம் லைசென்ஸ் இருந்திருக்கும், அதில் ஒரு குறையும் இருந்திருக்காது.

சரக்கு வண்டி வாங்கப் போகிறவர் இங்கே முதலில் கேட்பது, "கார் லைசென்ஸ் போதுமா?" என்றுதான். போதும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாதது இலகு ரக வாகனம். சரக்கு ஏற்றும் வண்டி என்றால் தனி அனுமதி வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் நெடுநாள் வழக்காடின. 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. ஏழரை என்றால் மற்றவர்களுக்குச் சனி நினைவு வரும். வண்டிக்காரருக்கு அது வரம். காரோட்டத் தெரிந்தவர் மறுநாளே லோடு அடிக்கலாம். விபத்தில் செத்தவர் குடும்பத்துக்கு இந்தக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. இந்த அளவில் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கோளாறு, அந்தக் கோடு ரொம்பத் தூரத்தில் இருப்பதில். ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாமே ஏழரை டன்னில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஆக, எந்த வண்டி வாங்கலாம் என்பதற்கு லைசென்ஸ் ஒரு வழியும் காட்டாது. ஆனால் 'லைசென்ஸ் போதும்' என்றதுமே எடை பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அப்புறம் மாதத் தவணைதான் பேசும். சின்ன வண்டியாக எடுத்து, கமானில் கூடுதலாக ஒரு பட்டை போட்டுவிடுவார்கள். பின்பக்கம் தாழாது, பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். பிரேக், ஆக்சில், டயர் மூன்றும் பழையதேதான். பெருங்களத்தூர் மேம்பாலத்தில் இறங்கும்போது வண்டியை நிறுத்த வேண்டியது பட்டை அல்லவே! காலி காரை ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கியவருக்கு, லோடு ஏறிய வண்டி எவ்வளவு தள்ளிப் போய் நிற்கும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. தொகை பயமுறுத்துகிறது, ஆனால் சேலையூர்ச் சந்துக்குள் எடை மேடை ஏது?

இழுப்பதில் நிலைமை இன்னும் மோசம். கான்கிரீட் போடும் நாளில் பிக்கப்பின் பின்னால் கலவை மெஷினைக் கம்பியோ சங்கிலியோ போட்டுக் கட்டி மேடவாக்கம் வரை இழுத்துப் போகிறார்கள். மெஷினுக்கு பிரேக் இல்லை, பின்விளக்கும் இல்லை. அமெரிக்காவில் இழுக்கும் வண்டியையும் இழுபடுவதையும் கூட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள். இழுபடுவது 10,000 பவுண்டுக்கு மேல் இருந்து, கூட்டுத்தொகை 26,001 பவுண்டை, அதாவது ஏறக்குறைய 11,800 கிலோவை எட்டினால் வணிக உரிமம் தனியாக எடுக்க வேண்டும். அந்த வரம்பு நமக்குப் பொருந்தாது. கூட்டிப் பார்க்கும் பழக்கம் பொருந்தும்.

கணக்கும் பெரிய வித்தையல்ல. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் வண்டி தாங்கும் சுமை. டிரைவரும் கிளீனரும் அதற்குள் அடக்கம். சிமென்ட் முப்பது மூட்டை என்றால் ஒன்றரை டன். எம்-சாண்ட் அரை யூனிட் இரண்டு டன்னைத் தாண்டும், 1.7 டன் பிக்கப்புக்கே அது அதிகம். ஷோரூமுக்குப் போவதற்கு முன், நீங்கள் வழக்கமாக அடிக்கும் லோடை ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.