தலைக்கட்டும் குடும்பத் தலைவியும்

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் வலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிச் சுழற்சி முறையில் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். பொதுவளத்தை அரசின் கை படாமல் மக்களே பகிர்ந்து காத்துவந்த முறை என்று இதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் வியந்து. வியக்கத்தக்கதுதான். ஆனால் பாட்டு முறையில் இடம்பெற ஒருவர் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் அந்தச் சாதியில் பிறந்து, மணமாகி, ஊருக்கு வரி கொடுக்கும் ஆண். பெண்ணுக்கும், அந்தச் சாதியில் பிறக்காதவருக்கும் குலுக்கலில் சீட்டு இல்லை.

அரசாங்கம் தன் பங்குக்கு இன்னொரு தலையை உருவாக்கியிருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், தொடக்கத்தில் 1.06 கோடிப் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போட்டது. அந்தப் பெண்ணுக்குத் திட்டம் வைத்திருக்கும் பெயர் குடும்பத் தலைவி. இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர்தான். இதை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. ‘உதவி’, ‘நிவாரணம்’, ‘இலவசம்’ என்றே பேசிப் பழகிய அரசு மொழியில் ‘உரிமை’ என்ற சொல் வந்தது சின்ன விஷயமல்ல. பெண்ணின் ஊதியமில்லாத வீட்டு உழைப்புக்கு ஓர் ஏற்பு அது என்று சொல்லப்பட்டது. வேறொருவர் கையை எதிர்பார்க்காமல் தானே எடுத்துச் செலவழிக்கும் ஆயிரம் ரூபாயின் அருமை, கையில் காசே வராதவளுக்குத்தான் தெரியும். ‘ஓசிக் காசு’ என்று கேலி பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லின் மேல் கண் போகிறது. தலைக்கட்டு, குடும்பத் தலைவி இரண்டிலும் தலை இருக்கிறது. முதல் தலை தண்ணீரில் பங்கு பெறுகிறது, இரண்டாவது தலை ரேஷன் அட்டையில் பெயர் பெறுகிறது. தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்யும் பெண்ணை இந்த இரண்டு சொற்களில் எதுவும் பிடிக்கவில்லை. அவள் குடும்பத் தலைவியாகப் பணம் பெறலாம், தாயாகப் பெட்டகம் பெறலாம். தொழிலாளியாக அவள் எங்கே இருக்கிறாள்?

அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஏரியின் ஆழமில்லாத ஓரங்களிலும் ஓடைகளிலும் இருளர் பெண்கள் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்துகொண்டே சேற்றை இரண்டு கையாலும் துழாவ வேண்டும். விரலில் துடிப்பது இறாலா நண்டா கெளிற்று மீனா என்று தொட்ட கணத்தில் தெரிய வேண்டும். பிடித்ததைப் போடப் பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்காகப் பேச்சற்ற வேலை. கரையில் வேறு பெண்கள்: ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமப்பவர்கள், கருவாடு காயவைப்பவர்கள், இறால் உரிப்பவர்கள், வலையிலிருந்து நண்டைக் கால் முறியாமல் கழற்றுபவர்கள்.

மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் எடுக்கும் மீனவர் கணக்கெடுப்பில் இந்தப் பெண்களில் பெரும்பாலோர் ‘துணைத் தொழில்கள்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். எதற்குத் துணை? பிடித்து வந்த மீன் விற்காவிட்டால் அது வெறும் நாற்றம். கடலுக்குப் போவதை மையமாகவும் மற்றதையெல்லாம் அதன் ஓரமாகவும் வைத்து எழுதிய பட்டியல் இது. நாமும் வகுப்பறையில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று மாணவிகள் எழுதுகிறார்கள்; தொழில் மீன் பிடித்தல், உப்பு விளைத்தல் என்று எழுதுகிறார்கள். இரங்கல் பெண்ணுக்கு, தொழில் ஆணுக்கு என்று யாரும் சொல்லாமலே பிரிந்துவிடுகிறது. அதே சங்கப் பாடல்களில் மீன் உணக்கலைப் பறவை கொத்தாமல் காக்கும் பெண்ணும், உப்பு விலை கூவிக்கொண்டு தெருவில் போகும் பெண்ணும் இருக்கிறார்கள். தேர்வுக் கேள்வியில் அவர்கள் இல்லை.

சொல்லில் இல்லாதவள் பணத்திலும் இருக்கமாட்டாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். இது தவிர மீன் குறைந்த பருவத்துக்கு ஒரு தொகை. தவிரவும், கடல் மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். பெண் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும். பெண்ணைத் தனி ஆளாக, தொழிலோடு சேர்த்துப் பார்க்கும் அருமையான திட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை வேண்டும், பெயரிலேயே ‘கடல்’ இருக்கிறது. ஏரிக்கரைக் குப்பங்களில் கடலுக்கும் போகும் குடும்பங்களுக்கு இது எட்டும். ஓடைச் சேற்றில் துழாவுகிறவள் கடல் மீனவ மகளிரா, உள்நாட்டு மீனவ மகளிரா, பழங்குடியா? அவளிடம் ஒவ்வொரு சன்னலிலும் வேறொரு சான்றிதழ் கேட்பார்கள்.

தடைக்காலம் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது கடலின் நாட்காட்டி. ஏரிக்கு வேறு நாட்காட்டி இருக்கிறது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. ஏரி வற்றி உப்பேறும். அந்த மாதங்களுக்குத் தடைக்காலம் என்று பெயரில்லை, ஆகவே நிவாரணமும் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குள் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அதுவும் தடைதான். ஆண் படகை எடுக்கவில்லை என்றால் அன்று கரையில் ஏலம் இல்லை, கூடைக்காரிக்கு வியாபாரம் இல்லை. அவள் இழந்த நாளை யாரும் நாளாக எண்ணுவதில்லை.

குழந்தைகளுக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியுடன் தனி ஊட்டச்சத்துத் திட்டம், 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு. பிள்ளைக்குச் சோறு போடுவதில் இந்த மாநிலம் மற்றவர்களுக்கு முன்னால் நடந்திருக்கிறது. சத்துமாவும் முட்டையும் எடை அட்டையும் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. எனக்குள்ள கேள்வி நேரம் பற்றியது. அங்கன்வாடியின் கதவு அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்துத் திறக்கிறது. ஏலம் விடியலில். கைத்துழாவல் நீரேற்றம், வற்றத்தைப் பார்த்து. அந்த நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். மையம் திறக்கும் முன்னால் தாய் தண்ணீரில் இருக்கிறாள். கைக்குழந்தை கரையில், அக்காவின் இடுப்பில். அக்கா அன்றைக்குப் பள்ளிக்குப் போகவில்லை. அட்டையில் தங்கையின் எடை ஏறலாம். அக்கா இழந்த வகுப்பை எழுத அந்த அட்டையில் இடமில்லை. குழந்தை வளர்ச்சி என்றால் குழந்தையின் உடம்பு மட்டும்தான், தாயின் வேலை நேரம் அதில் சேராது என்று திட்டம் நினைக்கிறது. அங்கன்வாடி ஊழியரைக் கூடுதல் நேரம் வேலை செய்யச் சொல்வது இதற்கு விடையல்ல. அவரும் ஊதியம் அல்ல, மதிப்பூதியம் வாங்குகிறவர். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஆகிவிட்டது. ஒரு பெண்ணின் கணக்கில்லாத உழைப்பை இன்னொரு பெண்ணின் கணக்கில்லாத உழைப்பால் ஈடுகட்டுவதைத்தான் நாம் நலன் என்று அழைத்துவருகிறோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக. நிபந்தனைகள்: தாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் பதினேழில் கர்ப்பமானவளின் இரத்தசோகை நிபந்தனையைப் பார்த்து விலகிப்போவதில்லை. அதிகம் தேவைப்படுகிறவளைத் தண்டித்து ஒழுங்கைக் கற்பிக்கும் இந்த முறை, தாய்மார்களின் பேரால் வந்த திட்டத்துக்குள், அதுவும் முத்துலட்சுமி ரெட்டியின் பேரால் வந்த திட்டத்துக்குள் இருக்கிறது.

சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு நிதி நம் நாட்டில் உண்டு. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் வந்தன. சுரங்க உரிமையாளர் அரசுக்குக் கட்டும் உரிமப் பங்கில் 10 சதவீதமோ, பழைய குத்தகையானால் 30 சதவீதமோ சேர்த்து அதில் செலுத்த வேண்டும். 2024இல் திருத்திய வழிகாட்டுதலில் சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி, 25 கிலோமீட்டர் வரை மறைமுகமாகப் பாதிக்கப்பட்ட பகுதி. முன்னுரிமைத் துறைகளில் ‘பெண்கள், குழந்தைகள் நலன்’ ஒன்று. பெண்ணும் குழந்தையும் இங்கேயும் ஒரே மூச்சில்தான்.

பழவேற்காட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனால் அதன் மறுமுனை தெற்கே எண்ணூரில் இருக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டிய கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. 2001இல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர்த் துறைமுகம் முதலில் அந்தக் கரிக்காகவே கட்டப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிந்தபின் சாம்பல் குழம்பாகக் குழாயில் போகிறது. குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் பல முறை படிந்திருக்கிறது. அங்கேயும் கையால் இறால் துழாவும் பெண்கள் உண்டு. பழவேற்காட்டையும் எண்ணூரையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது, பிழைப்பும் இணைக்கிறது. சாம்பல் படிந்த சேற்றில் முதலில் படுவது பெண்ணின் விரல். கரி வெட்டிய இடத்திலிருந்து கிலோமீட்டர் அளந்தால் அவள் பாதிக்கப்பட்டவள் ஆகமாட்டாள். தால்ச்சேர் மக்களுக்குப் போகும் பணத்தைக் கேட்கவில்லை. அது அவர்களுக்கே போதாது. கரி போகும் வழி நெடுகப் பாதிப்பும் போகிறது, நிதி மட்டும் குழியோரத்தில் நின்றுவிடுகிறது என்கிறேன்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நீர்நிலைகளை நம்பி வாழும் மீனவரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் வைக்கிறது. சொந்த நிலம் இல்லாவிட்டாலும் பாதிப்பு உண்டு என்று ஏற்ற சட்டம் அது. ஆனால் அங்கேயும் அலகு குடும்பம்தான்.

காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்ட் டி நிறுவனத்தால் தொடங்கப்பட்டு, 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக விரிவாக்க முன்வைத்த திட்டத்தின் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22க்கும், பிறகு 2023 செப்டம்பர் 5க்கும் குறிக்கப்பட்டு, இரண்டு முறையும் எதிர்ப்புக்குப்பின் தள்ளிவைக்கப்பட்டது. எதிர்ப்பின் முன்வரிசையில் பெண்கள் நின்றார்கள். இப்படியான திட்டங்களில் இழப்பீடு பற்றிய பேச்சு படகு, வலை, எஞ்சின், வீட்டுக்கு ஒரு வேலை என்றே ஓடுகிறது. அந்த வேலை மகனுக்கோ கணவனுக்கோ போகும். படகுக்குப் பதிவு எண் உண்டு, எஞ்சினுக்குக் குதிரைத்திறன் உண்டு. பறிக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது.

எந்தப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டம் வந்தாலும், நிரப்பிக் கொடுக்கிறவர் நிமிர்ந்தும் பார்க்காமல் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிடுகிறார். கைத்துழாவல், மீன் விற்பனை, கருவாடு, இறால் உரிப்பு என்று அந்தக் கட்டத்தில் எழுத வைப்பது மகளிர் குழுக்களும், கணக்கெடுப்புக்குப் போகும் நம் மாணவிகளும் நாளைக்கே செய்யக்கூடிய வேலை. அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்படும்போது, எத்தனை படகு என்ற பட்டியலுக்குப் பக்கத்தில் எத்தனை பறி என்ற பட்டியலும் மேசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பறிக்கும் எதிரே ஒரு பெண்ணின் பெயரோடு.