தொட்டி கொடுத்தால் போதுமா?

கெடாவில் வீட்டுக்கு வீடு மட்கு உரம் தயாரிக்கச் சொல்பவர்கள் இரண்டு பலன்களைச் சேர்த்தே சொல்கிறார்கள்: குப்பை குறையும், உரச்செலவு மிச்சமாகும். முதலாவது உண்மை. இரண்டாவது மிகை. அந்த மிகையை நம்பித் தொடங்குகிறவர்தான் நான்கு மாதத்தில் தொட்டியைக் கவிழ்த்துப் போடுகிறார்.

முதலில் குப்பை. மலேசிய வீட்டுக் குப்பையில் உணவுக் கழிவு மட்டும் 44.5 விழுக்காடு என்று 2012-இல் அரசு நடத்திய ஆய்வு காட்டியது. திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் கெடாவும் ஒன்று. 2015 செப்டம்பரிலிருந்து இங்கே வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும். ஆனால் பிரிப்பது காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம். மீன் செதிலும் மிஞ்சிய சோறும் 'எஞ்சிய கழிவு' என்ற பெயரில் குப்பை லாரியில் ஏறுகின்றன. குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாக மாறுவது அந்தப் பங்குதான். கெடாவின் லங்காவியோ தீவு, குப்பை மேட்டுக்கு நிலம் வளராது. அங்கே எரிவுலை வைத்தும் பார்த்தார்கள். பாதி ஈரமான குப்பையை எரிக்க எண்ணெய்தான் கூடுதலாகச் செலவாகும். பக்கத்துத் துபா தீவில் குப்பையை அள்ளினால் அது படகேற வேண்டும். ஈரக் கழிவு வீட்டுக் கொல்லையிலேயே நின்றுவிட்டால் மிச்சமாகும் பணம் நகராட்சிக்கும் அரசுக்கும் போய்ச் சேர்கிறது. உழைப்பு மட்டும் வீட்டுக்காரருடையது.

இனி உரம். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒன்றரைக் கிலோ சமையல் கழிவு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 45 கிலோ. மட்கிச் சுருங்கினால் 11 கிலோ அளவில் நிற்கும். அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று என்றால் 110 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு; ஆக ஒரு மாதப் பாடு கால் கிலோ யூரியாவுக்கு ஈடு. செம்பனை மரத்துக்கோ ரப்பருக்கோ இது எந்த மூலைக்கு? 2022-இல் உர விலை ஏறியபோது சிறுதோட்டக்காரர்களிடம் இதை மாற்று வழியாகச் சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் மட்கு உரம் வீண் என்று தள்ள மாட்டேன். அது யூரியா செய்யாத வேலையைச் செய்கிறது. இறுகிப்போன செம்மண்ணைப் பொலபொலப்பாக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை அடிக்கிற வெயிலில் வேரடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். லங்காவி சுங்கை ராயா போன்ற தோட்டப்புறத்தில் கொல்லையில் கீரை, வெண்டை, கறிவேப்பிலை போடுகிறவருக்கு அது பெரிய லாபம். ஈரக் கழிவோடு கலக்க வேண்டிய காய்ந்த பொருளுக்கும் கெடாவில் பஞ்சமில்லை. நாட்டின் நெற்களஞ்சியம் இது. அரிசி ஆலைகளில் உமி கிடக்கிறது. உமி மட்கத் தாமதமாகும், ஆனால் குவியல் அமுங்காமல் காற்றுக்கு வழிவிடும். வறண்ட மாதங்களில் ரப்பர் உதிர்க்கும் இலையைச் சாக்கில் கட்டி வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும். சோற்றையும் காய்த்தோலையும் மட்டும் கொட்டி மூடினால் மழை மாதத்தில் தொட்டியடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கும், புழு நெளியும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

பயிற்சிப் பட்டறைகளில் அதிகம் பேசாத ஆபத்து ஒன்று உண்டு: காண்டாமிருக வண்டு. அது முட்டையிடத் தேடுவதே மட்கும் குவியலைத்தான். குவியலைக் கிளறினால் கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, வளைந்து கிடக்கும் புழு. தலை மட்டும் பழுப்பு. வளர்ந்த வண்டு தென்னை, செம்பனைக் குருத்தைத் துளைக்கிறது. பிறகு விரியும் மட்டையில் கத்தரித்ததுபோல் முக்கோண வெட்டு தெரியும். இந்த வண்டை அடக்கும் வைரஸை 1963-இல் மலாயாவில்தான் ஹியூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கண்டுபிடித்தார். 1967-இல் சமோவாத் தீவில் விட்டார்கள், தென்னை பிழைத்தது. 2007-இல் குவாம் தீவுக்குள் வந்த வண்டோ அந்த வைரஸுக்கு மசியாத வகை. ஆகவே வைரஸை மட்டும் நம்பியிருக்க முடியாது. செம்பனை சூழ்ந்த கெடாவில் கவனிப்பாரற்ற ஆயிரம் குவியல்கள் ஆயிரம் வண்டுப் பண்ணைகள். தீர்வு எளிது: புழுப் பருவம் குறைந்தது 80 நாள் நீடிக்கிறது, அதற்குள் குவியலைக் கிளறிப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டால் சுழற்சி அறுந்துவிடும். ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

இந்தோனேசியாவின் சுராபாயா நகரில், வீட்டிலேயே மட்கு உரம் தயாரிக்கும் தக்காகுரா கூடைகள் நிலைத்ததற்குக் காரணம் கூடை இலவசமாகக் கிடைத்தது மட்டுமல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் தெருத்தெருவாகப் போய்க் கவனித்தார்கள். ஆகவே என் தீர்ப்பு: மண்ணுள்ள வீடுகளுக்கு, அதாவது லயங்கள், கம்பங்கள், லங்காவி, துபா கிராமங்களுக்கு, ஆதரவு தர வேண்டும். ஆனால் பணத்தில் பெரும்பங்கு தொட்டிக்குப் போகக் கூடாது. முதல் ஆறு மாதம் வந்து பார்க்கும் ஆளுக்கும் உமி, சருகு கொண்டுவரும் லாரிக்கும் போக வேண்டும். உரச்செலவு குறையும் என்ற வாக்கை எடுத்துவிட வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு சுங்கைப்பட்டாணி, கூலிம் அடுக்குமாடிகளுக்குக் குடிவந்தவர்களிடம் இதே தொட்டியை நீட்டுவது தவறு. நான்காம் மாடியில் உரத்தை எங்கே போடுவது? அங்கே கட்டடத்துக்கு ஒரு கூரைக் கொட்டகையும், அதைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதச் சம்பளமும் வேண்டும். வேலைக்குப் போய் வந்து சமைத்தும் முடித்த பெண்ணிடம், நகராட்சிக்குச் செலவை மிச்சப்படுத்தும் இந்த வேலையையும் சம்பளமில்லாமல் செய்யச் சொல்வது நியாயமில்லை.