கொழுந்தின் எச்சமும் பீலித் தண்ணீரும்

2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ரஷ்யா சென்ற இலங்கைத் தேயிலைப் பொதியொன்றிலே ஒரு வண்டு காணப்பட்டது. கப்ரா எனப்படும் அவ்வண்டு தேயிலைச் செடியின் பகையன்று. களஞ்சியத் தானியத்தின் பகை. எனினும் அம்மாதம் 18ஆந் திகதி தொடக்கம் ரஷ்யா நமது தேயிலையைத் தற்காலிகமாகத் தடை செய்தது. கொழும்பு கலங்கியது. புற்றுநோய்க்கு ஏதுவான கல்நாரின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு செய்திருந்த முடிவு, ரஷ்யாவே அதனை நமக்கு விற்கும் நாடாதலால், கைவிடப்பட்டது. மாதம் முடியுமுன் தேயிலைத் தடையும் நீங்கியது. ஒரு வண்டுக்கு இருந்த வல்லமையை எண்ணி வியக்கிறோம். தேயிலை மலையிலே நஞ்சு சுமக்கும் மனிதனுக்கு அதில் நூறிலொரு பங்கு வல்லமை இருந்ததுண்டா?

பலாங்கொடையைச் சூழ்ந்த தோட்டங்களிலே பிரட்டுக் கலைந்ததும் பெண்கள் கூடையோடு கொழுந்து மலைக்கும், ஆண்கள் சிலர் முதுகிலே மருந்துத் தொட்டியோடு வேறு மலைக்கும் செல்வர். நஞ்சினை ‘மருந்து’ என்றே நம் மக்கள் வழங்குகின்றனர். தொட்டி 16 லீற்றர் கொள்ளும். செங்குத்தான சரிவிலே 16 கிலோ எடை. கூடையைப் பற்றி நாம் எழுதிக் குவித்துவிட்டோம். தொட்டியைப் பற்றி என்ன எழுதினோம்?

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ மருதியைக் கடல் கடத்தித் தேயிலைத் தோட்டத்திலே கொண்டுவந்து நிறுத்தியது. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் தந்த நெடுங்கவிதை, மலைமக்களின் உழைப்பை உலகறியச் செய்தது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தலைப்பிலேயே கூடையைத் தாங்கி நிற்கிறது. இவை நமது செல்வங்கள். குறைத்து மதிப்பிட நாம் வரவில்லை. ஆனால் இம்மரபிலே கொடுமைக்கு எப்பொழுதும் ஒரு முகம் இருந்தது. துரையின் முகம், கங்காணியின் முகம், கணக்கப்பிள்ளையின் முகம். பேர் வெட்டப்பட்டால் அன்று மாலையே கதை பிறந்துவிடும். நஞ்சுக்கோ முகமில்லை. அது அடிப்பதில்லை, ஏசுவதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. வில்லனைத் தேடிப் பழகிய நமது யதார்த்தவாதம் அதன் எதிரே திகைத்து நிற்கிறது. அழகியல் காரணமும் ஒன்றுண்டு: கொழுந்து கிள்ளும் விரல் கவிதைக்கு இசைகிறது, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விசிறும் ஆண் இசைவதில்லை. முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் நாமும் இந்த அழகியலுக்கு அடிமைப்பட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் கதைக்குப் பஞ்சமில்லை. 1869இல் இலைத்துரு நோய் கண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிராய் நின்ற கோப்பி அழிந்தது. பாடம் கற்றோமா? அதே மலைகளிலே ஒரே பயிராய்த் தேயிலையை நட்டோம். தேயிலைக்கு இலைசுருட்டிப் புழு வந்தது. 1935-36இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டனர். அது புழுவை அடக்கியது. துளி நஞ்சின்றிக் கிடைத்த வெற்றி அது. பின்னர் 1950களிலே, கிளைகளைத் துளைத்து முறிக்கும் வண்டினைக் கொல்ல டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. வண்டோடு குளவியும் மாண்டது. அடங்கிக் கிடந்த புழு மலை மலையாய்ப் பெருகியது. ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962இல் வெளிவந்து அமெரிக்காவை உலுக்கியதை நாம் மேற்கோள் காட்டுகிறோம். அந்நூல் சொன்ன உண்மை நம் வீட்டுக் கொல்லையிலேயே நடந்ததை எந்தக் கதாசிரியர் கண்டார்?

இனி, அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கும் நாடுகள் எச்ச வரம்பு விதிக்கின்றன. தனி வரம்பு குறிக்கப்படாத நஞ்சுக்கு ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் வைத்திருக்கும் பொது அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 தொன் தேயிலையில் ஒரு கிராம். வரம்பு வேண்டாமென்பது நமது வாதமன்று. கண்டபடி விசிறும் கையை ஓரளவாவது தடுப்பது அதுவே. ஆனால் அது யாருக்காக வகுக்கப்பட்டது? மருந்தடித்த மலையிலே இத்தனை நாள் கழிந்தே கொழுந்தெடுக்க வேண்டுமென்று விதியுண்டு. அந்த நாட்கணக்கு இலைக்குரியது. அடித்தவன் மறுநாட் காலை அடுத்த மலையில் நிற்கிறான்.

2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டபோது, வடமத்திய மாகாண விவசாயிகளின் சிறுநீரக நோய் காரணமாகச் சொல்லப்பட்டது. (அந்நோய்க்கு அம்மருந்துதான் காரணமென்று விஞ்ஞானம் இன்னும் நிறுவவில்லை.) தோட்டங்கள் வேறு களைக்கொல்லிகளை நாடின, எம்.சி.பி.ஏ. எச்சம் வரம்பை மீறியதென ஜப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. தடையின் தொடக்கத்திலாவது உழவனின் உடல் பேசப்பட்டது. முடிவிலே பேசப்பட்டது ஏற்றுமதி மட்டுமே.

2011 முதல் நமது தேயிலைப் பெட்டிகளிலே ஓசோனுக்கு உகந்தது என்ற சின்னமும் உண்டு. மெதைல் புரோமைட்டைக் கைவிட்டதற்கான நியாயமான பெருமை அது. வானத்துக்குச் சின்னம் கிடைத்தது, ஓடைக்குக் கிடைக்கவில்லை.

ஓடையோ மலையோடு நிற்பதில்லை. பலாங்கொடைப் பக்கத்து மலைநீர் வளவை கங்கையிலே கலந்து, 1992இல் முடிக்கப்பட்ட சமனலவெவ அணையிலே தேங்குகிறது. கட்டிய நாள்தொட்டே கசியும் அணை அது. அக்கசிவைக் கொண்டே கல்தொட்டை வயல்கள் பாய்கின்றன. அதற்கும் கீழே உடவளவை நீரிலே வாழைத்தோட்டங்கள் விளைகின்றன. நெல்லுக்கும் பழத்துக்கும் போகுமுன் அந்நீரை முதலிலே பிடிப்பது லயத்துப் பீலி. குடிப்பதும், சோறாக்குவதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அதிலே.

ஆசிரியர்களாயும் மாணவர்களாயும் இருக்கும் நம் வாசகர் பலர் அந்த லயங்களிலிருந்து வந்தவர்கள். மருந்துத் தொட்டியின் கதையை எழுத வேண்டியவர்களும் அவர்களே. அதற்கு வில்லன் தேவையில்லை, பெரிய சம்பவமும் தேவையில்லை. மாலையில் வேலை முடித்து இறங்கி வருபவரை வழிமறித்து ஒரு கேள்வி கேட்டால் போதும்: “அண்ணே, டாங்கிய எங்க கழுவுறீங்க?”