மிச்சம் வைக்காத கத்திரி

ஆடையின் வெட்டு வரைபடத்தை ஓவியம்போல் நின்று ரசிக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர்கள் ஆடை வடிவமைப்பாளர்களான டிமோ ரிசானனும் ஹோலி மக்குவில்லனும். ஒரு நீள்செவ்வகத் துணி. அதற்குள் கை, முதுகு, காலர், பை எல்லாம் இடைவெளியே இல்லாமல் பொருந்தி நிற்கும். கழுத்துக்குக் குடைந்தெடுத்த துண்டும் வேறொரு உறுப்பாகிவிடும். ஒரு கையின் வளைவே அடுத்த துண்டின் விளிம்பு. வழக்கமான வெட்டில் துணியில் சுமார் 15 சதவீதம் கழிவாகிறது என்பார்கள். இந்த வரைபடங்களில் கழிப்பதற்கு ஒரு மூலைகூடக் கிடையாது.

வித்தை பழையதுதான். ஜப்பானியரின் கிமோனோ, சுமார் 36 செ.மீ. அகலமுள்ள ஒரே துணிச்சுருளை நேர்க்கோட்டில் வெட்டித் தைப்பது. நம் சேலைக்கோ கத்திரியே வேண்டாம். ஆனால் தோளும் அக்குளும் பிடித்துத் தைக்கும் சட்டைக்கு இதைக் கொண்டுவருவது வேறு கணக்கு.

அந்தக் கணக்கை 2010-ல் நியூயார்க்கின் பார்சன்ஸ் கல்லூரியில் ரிசானன் பாடமாக்கினார். லூம்ஸ்டேட் என்ற ஆடை நிறுவனமும் கைகோத்தது. அந்தக் கூட்டுதான் பாடத்தின் உயிர் என்பேன். வகுப்பறையில் ஒரே அளவுக்கு அழகாகப் பொருத்திவிடலாம். கடைக்குப் பல அளவுகள் வேண்டும். ஒரு துண்டை அரை அங்குலம் அகட்டினால் பக்கத்துத் துண்டு குறுகும், துணியின் அகலமோ மாறாது. ஆடையை வரைபவர் ஒருவர், பேட்டர்ன் என்னும் வெட்டு வரைபடம் போடுபவர் இன்னொருவர் என்ற தொழிற்பிரிவு இங்கே செல்லாது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு முயற்சிக்கும் சோதனைத் துணி வெட்ட வேண்டியிருந்தது. இப்போது க்ளோ போன்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு பக்கம் தட்டையான பேட்டர்ன், மறுபக்கம் அதை உடுத்திய உருவம். கோட்டை நகர்த்தினால் இடுப்பில் மடிப்பு விழுவதை உடனே பார்க்கலாம். மாணவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. ஆனாலும் துணியின் கனத்தையும் விழும் விதத்தையும் விரல்தான் கற்றுத்தர வேண்டும். திரையோடு நிறுத்தும் பாடம் பாதிப் பாடம்தான்.

மக்குவில்லனின் மேக்/யூஸ் திட்டம் பேட்டர்ன்களைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்து, திருத்தி, தைத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது.

ரிசானனும் மக்குவில்லனும் சேர்ந்து எழுதிய 'ஜீரோ வேஸ்ட் ஃபேஷன் டிசைன்' என்ற நூல் 2016-ல் வெளிவந்தது. ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் அதிலுள்ள வரைபடங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.