குழலும் குண்டும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையோரத்தில், மறுபடியும் கடைந்து வந்த நாட்டுத் துப்பாக்கியின் குழலை மடியில் கிடத்தி, ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாய் அதன் வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நரிக்குறவர் பெரியவரைக் கண்டபோது, உற்சவத்துக்கு முன் சீவாளிகளைச் சோதிக்கும் நாகஸ்வர வித்வானின் ஞாபகமே எனக்கு வந்தது. கடைந்ததில் குழல் சற்று அகலம். குண்டுகளோ பழைய அச்சில் வார்த்தவை. தடித்த துணி வைத்தால் பாதி வழியில் சண்டித்தனம் செய்யும். துணியே இல்லாவிட்டால் உருண்டு வெளியே விழும். ஆகவே, குழலில் வெடிமருந்தைக் கொட்டியபின், துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துண்டில் விளக்கெண்ணெய் தடவி, அதைக் குழல்வாயில் விரித்து, குண்டை அதன்மேல் அமர்த்திக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். (1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எட்டிய தூரம்வரை கிராமங்களைத் தமதாக்கிக்கொண்ட ஆங்கிலேயக் கும்பினியாருக்கு இந்த நிதானம் ஏது!)

பிறகு கெட்டிக்கும் கோல் இறங்கியது. உள்ளே அகப்பட்ட காற்று அடித்துவாரத்தின் வழியே பெருமூச்சாய் வெளியேற, குண்டு மருந்தின்மேல் சென்று அமர்ந்த கணத்தில், கணீரென்றிருந்த நாதம் தொப்பென்று அடங்கிய அந்த ஸூக்ஷ்மமான மாறுதலை அவர் செவியாலேயே அறிந்துகொண்டார். “நடுவுல எடம் விட்டா கொழலே வெடிச்சிடும் சாமி” என்றவர், கோலில் கத்தியால் கீறியிருந்த கோட்டைக் காட்டினார். அது குழல்வாய்க்குச் சரியாக வந்து நின்றிருந்தது.