பாரமும் அச்சும்: லம்போர்கினிக் காரின் கூர்ப்பு பற்றிய ஒரு நோக்கு

வன்னியில் நெல் மூடை ஏற்றும் வண்டிற்காரன் முதலிற் கவனிப்பது மூடைகளின் தொகையை அன்று. அவை இருக்கும் இடத்தையே. முன்பாரம் கூடினால் நுகம் மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும். பாரம் அச்சின்மேல் அமைந்தால்தான் வண்டில் இலகுவாக ஓடும். வண்டிலை அடுத்து வயலுக்கு வந்த இருசில்லு உழவு இயந்திரத்திலும் எஞ்சின் அச்சுக்கு முன்னும் கைபிடி பின்னுமாக அமைந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பாரம் எங்கே இருத்தல் வேண்டும் என்ற இவ்வினாவே உலகின் மிக விலையுயர்ந்த கார்களுக்கும் அடிப்படையாகும்.

காரின் உறுப்புக்களுள் மிகப் பாரமானவற்றுள் ஒன்று எஞ்சின். அது காரின் ஓர் அந்தத்தில் இருந்தால் திரும்பும்போது அவ்வந்தம் தன் போக்கிலேயே செல்ல முயலும். சாரதிக்குப் பின்னும் பின்னச்சுக்கு முன்னுமாக வைத்தால் காரின் சடத்துவத் திருப்பம் குறைகிறது; வளைவிற் கார் விரைந்து பணிகிறது. 1959இல் ஜாக் பிரபாம், எஞ்சினைப் பின்னே கொண்ட கூப்பர் காரில் உலக வெற்றி வீரரானபின் ஓட்டப் பந்தயத்தில் இவ்வமைப்பு நிலைபெற்றது. வீதிக்குரிய பெருங்காரில் அதைத் துணிந்து புகுத்திய பெருமை இத்தாலியின் லம்போர்கினி நிறுவனத்துக்கு உரியது.

ஃபெருச்சியோ லம்போர்கினி 1948இல் உழவு இயந்திரம் செய்யத் தொடங்கியவர். 1963இலேயே கார் செய்ய முற்பட்டார். அவருடைய தொழிற்சாலையில் முப்பது வயதை எட்டாத டல்லாரா, ஸ்டன்சானி, வொலஸ் ஆகிய மூவர் நடு எஞ்சின் காரொன்றைக் கற்பனை செய்தனர். 1965இல் டூரின் கண்காட்சியில் மேலுடல் இல்லாத அடிச்சட்டம் மட்டுமே வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பெர்ற்றோனே நிறுவனத்தின் கண்டினி வரைந்த உடலுடன் மியூரா ஜெனீவாவில் வெளிவந்தது. உள்ளடக்கம் முதலிலும் உருவம் பின்னரும் பிறந்த வரலாறு இது.

பன்னிரண்டு உருளை எஞ்சினை நெடுக்காக வைத்தால் கார் மிக நீண்டுவிடும். ஆகவே குறுக்காக வைத்தனர். கியர்ப்பெட்டியும் எஞ்சினும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்தன. இவ்வமைப்புக்கு முன்மாதிரி 1959இல் வெளிவந்த சின்னஞ்சிறு மினி கார் என்பது சிந்திக்கற்பாலது. 1956இன் சூயெஸ் நெருக்கடியால் எழுந்த பெற்றோல் தட்டுப்பாடே மினியைத் தோற்றுவித்தது. சாதாரண மக்களுக்காகத் தட்டுப்பாட்டிற் பிறந்த எண்ணம் செல்வரின் வாகனத்துக்கு இதயமாயிற்று. எனினும் மியூரா குறைகளற்றதன்று. எஞ்சினின் வெப்பமும் இரைச்சலும் சாரதியை வருத்தின. கடுவேகத்தில் முன்பக்கம் மேலெழ முயன்றது. முன்பாரம் குறைந்த வண்டிலின் நுகம் எழுவதுபோல என்று இதனைக் கொள்ளலாகாது. இங்கு காற்றின் உயர்த்தலே பிரதான காரணம்.

1971இல் முதன்முதலாகக் காட்டப்பட்டு 1974இல் விற்பனைக்கு வந்த கவுன்ராச் இக்குறைகளுக்கு விடை தேடியது. ஸ்டன்சானி எஞ்சினை நெடுக்காகத் திருப்பி, கியர்ப்பெட்டியை அதற்கு முன்னே, இரு இருக்கைகளுக்கும் இடையே வைத்தார். வலு முன்னே சென்று, எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியை ஊடறுக்கும் தண்டின் வழியாகப் பின்சில்லுகளுக்கு மீண்டது. பாரம் நடுவை நெருங்கிற்று. இது உண்மையான கூர்ப்பு. ஆனால் 1978இன் பின்னர் இதே காரிற் பலர் விரும்பிப் பூட்டிய பின்சிறகு உச்ச வேகத்தைக் குறைத்தது. காரின் பொறியியல் வேண்டாததை அதன் புகழ் வேண்டிற்று. உருவம் உள்ளடக்கத்தை விட்டு விலகத் தொடங்கியமைக்கு இதுவே தெளிவான சான்று.

1990இல் டியாப்லோ, 2001இல் முர்சியலாகோ, 2011இல் அவென்டடோர் என வரிசை தொடர்ந்தது. மியூராவில் நான்கு இலீற்றருக்குச் சற்றுக் குறைவாயிருந்த எஞ்சின் ஆறரை இலீற்றராயிற்று. ஏறத்தாழ 350 பரிவலு 700 ஆயிற்று. 1993இல் டியாப்லோவுக்கு வந்த நாற்சில்லு இயக்கமும் அவென்டடோரின் கரிநார்க் கூடும் மதிக்கத்தக்கன. ஏனையவை பெரும்பாலும் அளவு மாற்றங்களே. பண்பு மாற்றங்கள் அல்ல. ஸ்டன்சானியின் அடிப்படைத் திட்டம் நான்கு தசாப்தங்களுக்கு மேலாக மறுபரிசீலனைக்கு உட்படவில்லை.

அதனை அசைத்தது புறத்தேயிருந்து வந்த நெருக்கடி. புகை வெளியேற்றம் பற்றிய சட்டங்கள் இறுகவே, 2023இல் வந்த ரெவுவெல்டோ மூன்று மின்மோட்டர்களைச் சேர்த்துக்கொண்டது. கியர்ப்பெட்டி எஞ்சினுக்குப் பின்னே சென்றது. அது இருந்த நடுவிடத்தில் மின்கலம் அமர்ந்தது. பாரம் எங்கே இருத்தல் வேண்டும் என்ற பழைய வினா மீண்டும் கேட்கப்பட்டது. தேவை நெருக்கும்போதே வடிவம் சிந்திக்கிறது என்பது இங்கும் உறுதியாகிறது.

செல்வரின் விளையாட்டுப் பொருளுக்குத் திறனாய்வு எதற்கு எனச் சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகிய வன்னியில், சில துளி பெற்றோலால் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடுமாறு மோட்டார் சைக்கிள்களைப் பழக்கினர் பெயர் அறியப்படாத திருத்துநர்கள். அவர்களுடைய ஆக்கத்தை எந்தக் கண்காட்சியும் ஏற்றதில்லை. ஆயினும் விலையைக் கண்டு லம்போர்கினியை ஒதுக்கினால், மினியிலிருந்து மியூராவுக்குச் சென்ற எண்ணத்தின் பயணம் கண்ணிற் படாது போகும். கண்காட்சியைக் கண்டு அதை வியந்தாலோ, திருத்துநரின் கைவண்ணம் கண்ணிற் படாது போகும்.

ஆகவே பரிவலு ஓர் இயந்திரத்தின் கூர்ப்புக்கு அளவுகோல் ஆகாது. எத்தேவைக்கு அது விடை கூறிற்று, அவ்விடைக்காகத் தன் அமைப்பை எவ்வளவு மாற்றிக்கொண்டது என்பவையே அளவுகோல்கள். அவ்வளவுகோலின்படி மியூராவும் கவுன்ராச்சும் ரெவுவெல்டோவும் மூன்று படிகள். இடைப்பட்டவை பெரும்பாலும் அப்படிகளின் நீட்சிகள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று பொறியியல் பயிலும் மாணவன் இவ்வளவுகோலைக் கையிலெடுத்தால், இத்தாலியக் காரை மட்டுமன்றித் தன் வயலில் நிற்கும் இருசில்லு உழவு இயந்திரத்தையும் அவனால் மதிப்பிட முடியும். அதன் அடுத்த படி எதுவாக இருக்கவேண்டும் என்ற வினா இன்னும் விடை காணப்படாமலே இருக்கிறது.