மூளையே உயிரென்னும் கொள்கை: ஓர் ஆராய்ச்சி

உடம்பின் வேறாய் உயிரென ஒருபொருள் உண்டோ என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஐம்பூதச் சேர்க்கையிலேயே அறிவு தோன்றும் என்ற உலகாயதரை அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தின் முதற்கண்ணே வைத்து மறுத்தருளினமை சைவநூற் பயிற்சியுடையார் யாவரும் அறிந்ததே. அக்கொள்கை அன்றோடு மாய்ந்தொழியவில்லை; பூதங்களை விட்டு மூளையைப் பற்றிக்கொண்டு புத்துருவில் வந்து நிற்கின்றது. அதனைத் தெளிவுற எடுத்துரைத்த நூல்களுள் ஒன்று, ஆங்கிலநாட்டு அறிஞர் பிரான்சிஸ் கிரிக் 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வியப்பூட்டும் கருதுகோள்' என்பது. டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளின் அமைப்பைக் கண்டமைக்காக 1962 இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர் இவர். ஆதலின் அவர் கூற்றை எளிதாகத் தள்ளிவிடுதல் முறையன்று.

மகிழ்ச்சியும் துயரும், நினைவும் விருப்பும், யான் என்னும் உணர்வும், தானே துணியும் ஆற்றலும் ஆகிய எல்லாம் எண்ணிறந்த நரம்பணுக்களின் தொழிலேயன்றி வேறல்ல என்பது அந்நூலின் மேற்கோள். மூளைநூலார் கண்ட உண்மைகள் அதற்கு ஏதுக்கள். ஏதுக்கள் மெய்யோ என்பது ஒருவினா. அவற்றால் மேற்கோள் நிலைபெறுமோ என்பது மற்றொருவினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே இருதிறத்தார்க்கும் வீண்பூசல் விளைகின்றது.

ஏதுக்களை முதலில் நோக்குக. 1848 செப்டம்பர் 13 இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துக் காவெண்டிஷ் என்னும் ஊரருகே, இருப்புப்பாதை அமைக்கும் ஆட்களுக்குத் தலைவனாயிருந்த பினியஸ் கேஜ் என்பான் பாறையிற் பெய்த வெடிமருந்தை இடித்துக் கெட்டிக்குங்கால் அது வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் 13¼ இராத்தல் நிறையும் உள்ள இருப்புக்கோல் இடக்கன்னத்திற் புகுந்து உச்சந்தலை வழியே வெளிப்போந்தது. அவன் இறந்திலன். ஆயின், மருத்துவர் ஹார்லோ 1868 இல் எழுதிய வரலாற்றின்படி, முன்னர்ச் சீரொழுக்கமும் செயற்றிறனும் உடையனாயிருந்தவன் பின்னர்ப் பொறுமையிழந்து, வசைமொழி பேசி, எடுத்ததை முடிக்கமாட்டாதவனாய் மாறினான்; பழகியவர்கள் பழைய கேஜ் இவனல்லன் என்றனர்.

1953 இல் ஹென்றி மோலெய்சன் என்பார்க்குக் காக்கைவலிப்பைத் தீர்க்கும்பொருட்டு மூளையின் இருபக்கத்து உட்பகுதிகளிற் சில அறுத்து நீக்கப்பட்டன. அதன்பின் அவர் புதியதொன்றையும் நினைவில் நிறுத்தமாட்டாராயினார். பலமுறை கண்டவரையும் புதியவராகவே கண்டார். கண்ணாடியிற் பார்த்து விண்மீன் வடிவு வரையும் தொழிலை நாள்தோறும் பயின்று தேர்ச்சிபெற்றும், முன்பு பயின்றதாக ஒருநாளும் அவர்க்கு நினைவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். மோலெய்சன் 2008 இல் மறையுங்காறும் அந்நிலை மாறவில்லை.

இவை கண்கூடாகக் கண்ட உண்மைகள். மூளை பழுதுற்றால் நினைவு கெடும்; குணம் திரியும்; துணிவு தளரும். இவற்றை மறுத்துரைப்பது சைவத்திற்குத் தொண்டாகாது.

இனி, இவ்வேதுக்களால் தாக்குண்பவர் யார்? பிரெஞ்சுநாட்டு மெய்ந்நூலார் டேக்கார்ட் 1641 இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலையே உயிரின் இயல்பாக வைத்து, உடம்பை முற்றிலும் அதற்கு வேறாக்கினார். எண்ணம் உயிரின் சொந்த இயல்பாயின், உடம்பிலே நேர்ந்த ஊறு எண்ணத்தை அழித்தல் எங்ஙனம் என்னும் கடாவிற்கு அவர் வழியினர் விடைகூற இடர்ப்படுவர். மேனாட்டார் உயிர்க்கொள்கை என்று மறுப்பது பெரும்பாலும் இதனையே.

சைவசித்தாந்தமோ அங்ஙனம் கூறிற்றில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் மாயாகாரியமாகிய சடங்கள் என்பதும், உயிர் அவற்றுள் ஒன்றன்று என்பதும், ஆணவமலத்தால் மறைப்புண்ட உயிர் அவற்றைக் கூடியன்றி ஒன்றனையும் அறியாது என்பதும் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தின் கருத்து. அமைச்சரோடு கூடிய அரசனை அங்கே மெய்கண்டார் உவமை கூறினார். கருவி கூடியபோது விளக்கமும், கூடாதபோது இருளும் உளவாம் என்பதே இவ்வாசிரியர் துணிபாயின், மோலெய்சனது மறதியும் கேஜினது மாற்றமும் இக்கொள்கைக்கு மாறாவது எங்ஙனம்? கருவி சிதைந்தும் அறிவு சிதையாது நின்றதெனக் காட்டினாலன்றோ சித்தாந்தி இடர்ப்படுவான்?

ஈண்டுச் சைவ அன்பருள் இருசாரார் தவறுகின்றனர். ஒருசாரார், மனமும் உயிரும் ஒன்றென மயங்கி, மனம் மூளையைச் சார்ந்ததென்று கூறியவளவிலே சமயம் அழிந்ததென்று அஞ்சுகின்றனர். அவர் காப்பது டேக்கார்ட் கொள்கையேயன்றி மெய்கண்டார் கொள்கையன்று. மற்றொருசாரார், முப்பத்தாறு தத்துவங்களையும் மூளையின் மடிப்புகளில் ஒவ்வொன்றாக அடைத்து, மேனாட்டார் இன்று கண்டதை முன்னோர் என்றோ கண்டனர் எனப் பெருமை பேசுகின்றனர். மூளை பூதகாரியமாகிய பருவுடம்பின் உறுப்பு. அந்தக்கரணங்கள் நுண்ணிய தத்துவங்கள். கண்ணின் கோளகம் காட்சிக்கு இடமாதல்போல மூளை அவற்றிற்கு இடமாதல் கூடும். அதனால் கோளகமே இந்திரியம் ஆகாதவாறு, மூளையே அந்தக்கரணமும் ஆகாது. முன்னோர் அறுவைக்கத்தி கொண்டு மூளையை ஆராய்ந்தவரல்லர், அறிவானை ஆராய்ந்தவர். அவர்க்கு இல்லாத புகழை ஏற்றுதல் உள்ள புகழையும் குறைக்கும்.

அற்றேல், அந்தக்கரணம் சடம், மூளையும் சடம் என்று உடன்பட்டபின், அவற்றிற்கு மேல் உயிரென ஒன்று வேண்டுவதென்னை? யாழ் பழுதுறின் இசை கெடும். அதனால் யாழோன் இலன் என்பது பெறப்படாது என்று சிலர் விடைகூறுவர். இவ்வுவமை யாழோன் உண்டென்பதற்கு இடந்தருமேயன்றி, அவனை நிலைநாட்டாது. எல்லா வேறுபாடும் யாழிலேயே காணப்படின் யாழோன் எற்றுக்கு என்று கிரிக் வழியினர் வினவுவர். அவ்வினா நேர்மையுடையது. உவமை கூறி அமைவதன்றி ஏதுக் கூறல் கடன்.

ஏது வருமாறு: வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவிடத்துச் செம்மை தோன்றுதல்போலப் பூதங்கூடியவிடத்து அறிவு தோன்றும் என்பது உலகாயதர் பழைய உவமை. அச்செம்மை காண்பானுக்குச் செம்மை. தன்னைத் தான் செம்மையென்று அறிவதன்று. காணப்படுபொருள் எத்துணை கூடினும் காணப்படுபொருளே. அக்கூட்டம் காண்பான் ஆதல் யாங்ஙனம் என்பதே இங்குள்ள தடை. கிரிக்கின் நூலிற் பெரும்பகுதி கட்காட்சி பற்றியது. நிறம், வடிவு, இயக்கம் என்பவற்றை மூளை வெவ்வேறிடங்களிற் பகுத்தாராயுமாற்றை அது நன்கு விளக்குகின்றது. நரம்பணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 40 முறை ஒருங்கே துடித்தல் உணர்விற்கு அடையாளமாகலாம் என்றும் கிரிக்கும் கிறிஸ்டாப் காக் என்பாரும் கருதினர். இருக்கட்டும். காட்சி நிகழுங்கால் எவ்வெவ் விளக்குகள் எரிகின்றன என்பதை இது கூறும். அவ்வொளியிலே காண்பான் ஒருவனுக்குக் காட்சி உளதாதல் ஏன் என்பதைக் கூறாது. இத்தடை சமயத்தார் மட்டும் கூறுவதன்று. மெய்ந்நூலார் டேவிட் சால்மர்ஸ் 1995 இல் இதனையே அரிய வினாவென எடுத்து நிறுத்தினார். அதற்கு யாவரும் உடன்படும் விடை இன்றுகாறும் வந்திலது.

கிரிக் தம் நூலிறுதியிலே காட்டும் எடுத்துக்காட்டொன்று அவர்க்கே மாறாக நிற்கின்றது. மூளையின் முற்பகுதி உள்மடிப்பொன்றில் ஊறுற்ற பெண்மணி ஒருவர் விழித்திருந்தும் பேச்சின்றிக் கிடந்தார். பின்னர்த் தேறியபோது, பிறர் பேசியதைத் தாம் அறிந்ததாகவும், சொல்லுதற்குத் தமக்கு ஒன்றும் இல்லாதிருந்ததாகவும், உள்ளம் வெறுமையாயிருந்ததாகவும் உரைத்தார். இதுகொண்டு, துணியும் ஆற்றலுக்கு அம்மடிப்போ அதனை அடுத்த பகுதியோ இடமென்று கிரிக் முடிவு கட்டினார். துணிவு ஒழிந்தபோதும், ஒழிந்தமையை உணர்ந்ததொன்று ஒழிந்திலதே! இல்லையென்று அறிவதொன்று உண்டு என்பதே உயிருண்மைக்கு மெய்கண்டார் மூன்றாஞ் சூத்திரத்திற் காட்டிய ஏதுக்களுள் முதலாவது. மூளையின் வேறோரிடம் அதனை உணர்ந்தது எனின், அவ்விடத்தையும் அறியப்படுபொருளாகவே வைத்தெண்ணி, அதனை அறிவான் யார் என மீண்டும் வினவல் நேரும்.

இதனால் நிலைபெறுவது அறிவான் ஒருவன் உண்மை ஒன்றே. அவன் அழிவில்லாதவன் என்பதும், பதியின் திருவருளால் மலம் நீங்கி வீடுறுவான் என்பதும் வேறு அளவைகளாற் பெறப்படுவன. மூளைநூலைக் கொண்டு அவற்றையும் நாட்ட முயல்வது, மூளைநூலைக் கொண்டு உயிரை மறுப்பதுபோன்ற குற்றமேயாம்.

இவ்வாராய்ச்சி வெறும் நூற்போர் அன்று. முதுமையில் மூளை நலிந்து, பெற்ற மகனையே யாரென்று வினவும் தந்தையர் பலரில்லங்களில் உளர். நினைவுகளின் தொகுதியே ஆளெனின், அங்கே தந்தை முன்னரே இறந்துபட்டார், எஞ்சியது உடம்பே. அவர்க்குச் செய்யும் பணி யார்க்குச் செய்யும் பணி? கருவி நலிந்தது, கருத்தா நலிந்திலன் என்னும் சித்தாந்தத்தின்படியோ, தன்னை வெளிப்படுத்த வழியின்றி நிற்கும் அவ்வுயிர் முன்னினும் மிகுந்த அன்பிற்கு உரியது. ஊட்டுகின்ற கவளமும் உடுத்துகின்ற ஆடையும் உயிருக்கே சென்று சேர்கின்றன.

நோயாற் குணந்திரிந்தாரை இழித்துரைப்பதும், அவர் துன்பத்தை முன்வினையென்று கூறித் தாம் வாளாவிருப்பதும் இக்கொள்கையுடையார்க்குத் தகா. வினையுண்மை பிறர் துயர்கண்டு உதவாமைக்குக் கூறப்பட்டதன்று. ஊறுற்ற கேஜும் பின்னாளிற் சிலி நாட்டிற் குதிரைவண்டி ஓட்டிப் பல்லாண்டு பிழைத்தான் என்பது நினைக்கத்தக்கது. சிதைந்த கருவியுடனும் உயிர் முயல்கின்றது. அம்முயற்சிக்கு மருத்துவரும் சுற்றத்தாரும் துணையாதல் வேண்டும்.

ஆகவே, மூளைநூல் கருவியின் இயல்பை மேன்மேலும் விளக்குக. சைவர் அதனை மகிழ்ந்து கற்க. கருவியே கருத்தாவென்று அது துணியுமிடத்தன்றி, அதனோடு சைவர்க்கு வழக்கில்லை.